பொது நூலகச் சேவைகளை அளவிடுதல்: எண்ணிக்கையும் பயனும்

பொது நூலகச் சேவைகளை அளவிடுதல் என்பது, ஒரு பொது நூலகம் தன் பணியை எவ்வளவு நன்றாகச் செய்கிறது, அப்பணியால் வாசகருக்கும் ஊருக்கும் என்ன பயன் விளைந்தது என்னும் இரண்டையும் சான்றுகளோடு கண்டறியும் முயற்சியாகும். முதலாவதைச் செயல்திறன் அளவீடு என்றும், இரண்டாவதைத் தாக்க அளவீடு என்றும் நூலகவியலார் கூறுவர். நடைமுறையில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே கருதப்படுகின்றன. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை நூல்கள் இரவல் சென்றன என்னும் எண்ணிக்கையே நூலகத்தின் பயன் என்று கொள்ளப்படுகிறது.

இக்குழப்பத்தின் விளைவு நேரடியாக வாசகரைத் தாக்கக்கூடியது. வருகை குறைவாக உள்ள ஒரு சிறு நூலகம் "பயன்படாத நூலகம்" என்று முடிவு செய்யப்பட்டால், அதற்குப் புதிய நூல்கள் குறையும். திறந்திருக்கும் நேரம் குறையும். காலியான பணியிடம் நிரப்பப்படாது. அதனால் வருகை மேலும் குறையும். அடுத்த ஆண்டு எண்ணிக்கை முந்தைய முடிவு சரியே என்று காட்டும். தவறான அளவுகோல் தன்னையே சரியென்று நிறுவிக்கொள்ளும் இந்தச் சுழலைப் புரிந்துகொள்ள, அளவீட்டு முறைகளின் வலிமையையும் குறைகளையும் தனித்தனியே பார்ப்பது தேவையாகிறது.

இரண்டு கேள்விகள்

நூலக அளவீட்டுத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் கட்டுரைகளுள் ஒன்று ரிச்சர்ட் ஓர் 1973-இல் எழுதியது. நூலகச் சேவையின் சிறப்பை அவர் இரு கேள்விகளாகப் பிரித்தார். சேவை எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பது ஒன்று. அது எவ்வளவு நன்மை செய்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்வி தரத்தைப் பற்றியது. இரண்டாவது மதிப்பைப் பற்றியது.

இந்த வேறுபாட்டைப் பள்ளிக்கூடத்தை வைத்து எளிதில் விளக்கலாம். வருகைப் பதிவேட்டில் மாணவர் பெயர் ஆண்டு முழுவதும் இருக்கலாம். ஆசிரியர் பாடத்திட்டத்தை உரிய நாளில் முடித்திருக்கலாம். இவை பள்ளி ஒழுங்காக நடந்தது என்பதற்குச் சான்று. மாணவருக்குப் பாடம் புரிந்ததா, அது பின்னாளில் பயன்பட்டதா என்பதற்கு இவை விடையாகா. நூலகத்தின் வருகைக் குறிப்பேடும் இரவல் பதிவேடும் இத்தகையவையே.

அளவீட்டின் நான்கு படிகள்

நூலகப் பணியை நான்கு படிகளாகப் பிரித்துப் பார்ப்பது வழக்கம்.

உள்ளீடு: நூலகத்துக்குள் போடப்படுபவை. நிதி, கட்டடம், பணியாளர், நூல் இருப்பு, திறந்திருக்கும் நேரம் முதலியன.

வெளியீடு: நூலகத்திலிருந்து வெளிவரும் பணியின் அளவு. வருகை, இரவல், விடையளிக்கப்பட்ட வினாக்கள், நடத்தப்பட்ட நிகழ்ச்சிகள் முதலியன.

விளைவு: அப்பணியால் வாசகரிடம் நேர்ந்த மாற்றம். ஒரு சிறுமி தானாகப் படிக்கத் தொடங்குவது, ஒரு விவசாயி அரசுத் திட்டமொன்றுக்குச் சரியாக விண்ணப்பிப்பது போன்றவை.

தாக்கம்: விளைவுகள் பல சேர்ந்து, நெடுங்காலத்தில் தனிமனிதர் வாழ்விலும் ஊரிலும் ஏற்படுத்தும் மாற்றம்.

முதல் இரு படிகளையும் எண்ணுவது எளிது. பின்னிரண்டும் நூலகக் கட்டடத்துக்கு வெளியே, பல வேளைகளில் பல ஆண்டுகள் கழித்து நிகழ்பவை. எளிதாக எண்ணக்கூடியதே முதன்மையானது என்று கருதிவிடும் பழக்கம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

வரலாற்றுச் சுருக்கம்

இந்தியப் பொது நூலகம் ஒன்றை முறையாக மதிப்பிட்ட தொடக்ககால முயற்சிகளுள் தில்லிப் பொது நூலகத்தைப் பற்றியது குறிப்பிடத்தக்கது. யுனெசுகோவும் இந்திய அரசும் இணைந்து ஒரு முன்னோடித் திட்டமாக 1951-இல் இதனைத் தொடங்கின. பிரித்தானிய நூலகரான பிராங்க் கார்ட்னர் தயாரித்த அதன் மதிப்பீட்டு அறிக்கையை யுனெசுகோ 1957-இல் வெளியிட்டது. ஒரு நூலகத்தைத் தொடங்குவதோடு நில்லாமல், சில ஆண்டுகள் கழித்து அதை ஆராய்ந்து எழுத வேண்டும் என்ற எண்ணம் இந்திய மண்ணில் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே செயலுக்கு வந்தது என்பதை இது காட்டுகிறது.

அமெரிக்க நூலகச் சங்கம் 1982-இல் பொது நூலகங்களுக்கான வெளியீட்டு அளவைகள் குறித்துத் தனிக் கையேடு வெளியிட்டது. டக்ளஸ் சுவைசிக், எலினார் ஜோ ராட்ஜர் ஆகிய இருவரும் எழுதிய அக்கையேடு, நூல் இருப்பைக் காட்டிப் பெருமைப்படுவதை விட்டு, அந்த இருப்பு எவ்வளவு பயன்பட்டது என்பதைக் கணக்கிடும் பாதையைக் காட்டியது. பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. 1998-இல் நூலகச் செயல்திறன் குறிகாட்டிகளுக்கென 11620 என்ற எண்ணுடைய தரத்தை வெளியிட்டது. தாக்கத்தை மதிப்பிடும் முறைகளுக்கென 16439 என்ற தரம் 2014-இல்தான் வந்தது. செயல்திறனுக்கும் தாக்கத்துக்கும் இடையே உள்ள இந்தப் பதினாறு ஆண்டு இடைவெளி, இரண்டாவது வேலை எவ்வளவு கடினமானது என்பதையும் உணர்த்துகிறது.

வழக்கிலுள்ள குறிகாட்டிகள்

பொது நூலகங்களில் பரவலாகப் பயன்படும் குறிகாட்டிகள் பின்வருமாறு.

நபர்வாரி வருகை: ஓராண்டு வருகையைப் பகுதி மக்கள்தொகையால் வகுத்துப் பெறுவது.

நபர்வாரி இரவல்: ஓராண்டில் இரவல் சென்ற நூல்களை மக்கள்தொகையால் வகுத்துப் பெறுவது.

சுழற்சி வீதம்: ஓராண்டு இரவலை நூல் இருப்பால் வகுத்துப் பெறுவது. ஒரு நூல் சராசரியாக எத்தனை முறை வெளியே சென்றது என்பதை இது காட்டும்.

நூல் கிடைக்கும் வீதம்: வாசகர் கேட்ட நூல்களில் எத்தனை விழுக்காடு உடனே கிடைத்தது என்பது.

பயன்படாத இருப்பு: குறிப்பிட்ட காலத்தில் ஒருமுறைகூட எடுக்கப்படாத நூல்களின் விழுக்காடு.

ஒரு வருகைக்கான செலவு: மொத்தச் செலவை வருகையால் வகுத்துப் பெறுவது.

இவற்றுள் எந்தவொன்றும் தனியே நின்று முழு உண்மையைச் சொல்வதில்லை. ஒரு கற்பனைக் கணக்கு இதைத் தெளிவாக்கும். 20,000 மக்கள் வாழும் ஒரு நகரியத்தில் கிளை நூலகம் ஒன்று நாள்தோறும் 12 மணி நேரம் திறந்திருக்கிறது. நாளொன்றுக்கு 100 பேர் வருகின்றனர். 3,000 மக்கள் வாழும் சிற்றூரில் பகுதிநேர நூலகம் ஒன்று 3 மணி நேரம் திறந்திருக்கிறது. நாளொன்றுக்கு 25 பேர் வருகின்றனர். இரண்டும் ஆண்டுக்கு 300 நாள் இயங்குகின்றன எனக் கொள்வோம்.

மொத்த வருகையில் கிளை நூலகத்துக்கு 30,000. பகுதிநேர நூலகத்துக்கு 7,500. இந்த அளவில் நின்றுவிட்டால் முன்னது நான்கு மடங்கு சிறந்தது. நபர்வாரியாகப் பார்த்தால் கிளை நூலகத்துக்கு 1.5, பகுதிநேர நூலகத்துக்கு 2.5 எனத் தராசு மறுபக்கம் சாய்கிறது. திறந்திருக்கும் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டால் இரண்டுக்கும் ஏறத்தாழ 8 பேர். தரவு ஒன்றே, வகுக்கும் எண் மாறும்போது தீர்ப்பும் மாறுகிறது.

கதை இங்கும் முடிவதில்லை. சிற்றூர் நூலகத்துக்கு நாள்தோறும் வரும் 25 பேரும் அதே 25 பேராக இருக்கலாம். அப்படியானால் 7,500 வருகைக்குப் பின்னால் இருப்பவர்கள் ஊர் மக்களில் நூற்றில் ஒருவர்கூட இல்லை. நபர்வாரி வருகை 2.5 என்ற நல்ல எண், ஊரில் பெரும்பாலோர் நூலக வாசலை மிதிக்கவில்லை என்ற உண்மையை மறைத்துவிடும்.

சுழற்சி வீதத்திலும் இத்தகைய பொறி உண்டு. 8,000 நூல்கள் உள்ள நூலகத்தில் ஆண்டுக்கு 6,000 இரவல் என்றால் வீதம் 0.75. அவற்றில் 5,000 நூல்கள் ஆண்டு முழுவதும் எடுக்கப்படாதவை என்றால், அவற்றைக் கழிவு செய்த அடுத்த நாளே இருப்பு 3,000 ஆகிவிடும். வீதம் 2 ஆக உயர்ந்துவிடும். ஒரு வாசகர்கூடக் கூடவில்லை. கிழிந்த, காலாவதியான நூல்களைக் கழிப்பது நல்ல நூலகப் பணியே. ஆனால், எண்ணை உயர்த்துவதற்காக அரிய உள்ளூர் வரலாற்று நூலையும் சேர்த்துக் கழித்தால் அந்த இழப்பு எந்த அறிக்கையிலும் தெரியாது.

அரங்கநாதனின் விதிகளும் அளவீடும்

சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராகப் பணியாற்றிப் பின் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதன் (1892–1972), நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-இல் நூலாக வெளியிட்டார். அவற்றை அளவீட்டுக்கு உரிய கேள்விகளாகவும் படிக்க முடியும்.

நூல் பயன்படுவதற்கே என்னும் கருத்து, பூட்டிய அலமாரிகள் எத்தனை என்று கேட்கச் செய்கிறது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு வேண்டிய நூல் கிடைக்க வேண்டும் என்பது, நூல் கிடைக்கும் வீதத்தோடு பொருந்துகிறது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது, பயன்படாத இருப்பைப் பற்றிய கேள்வியாகிறது. வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது, கேட்ட நூல் கைக்கு வர எத்தனை நிமிடம் ஆனது என்ற அளவைக்கு அடிப்படை. நூலகம் வளர்ந்துகொண்டே இருப்பது என்ற ஐந்தாவது கருத்து, ஓராண்டு எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவதைத் தடுக்கிறது.

இவ்விதிகள் வாசகரிடமிருந்து தொடங்குகின்றன என்பதே இங்கு முதன்மையானது. இரண்டாம் விதி "ஒவ்வொரு" வாசகரையும் பற்றிப் பேசுகிறது. சராசரி வாசகர் அதன் பார்வையில் இல்லை. சராசரியைத் தரும் குறிகாட்டிகள் அனைத்தும் இந்த ஒரு சொல்லின் முன் குறைபட்டே நிற்கின்றன.

எண் இலக்காகும்போது

சமூகக் குறிகாட்டி ஒன்றை முடிவெடுப்பதற்கு எவ்வளவு அதிகம் பயன்படுத்துகிறோமோ, அந்த அளவுக்கு அது திரிக்கப்படும் என்று அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் கேம்பல் 1970-களில் எச்சரித்தார். நூலகத்துக்கும் இது பொருந்தும். மாத அறிக்கையில் வருகை குறைந்தால் விளக்கம் கேட்கப்படும் என்றால், நாளிதழை ஒரு நிமிடம் புரட்டியவரும் கையெழுத்திட அழைக்கப்படுவார். உறுப்பினர் சேர்க்கைக்கு இலக்கு கொடுத்தால், ஒரு பள்ளியின் மாணவர் பட்டியல் முழுவதும் ஒரே நாளில் உறுப்பினராகும். அம்மாணவர்களில் எத்தனை பேர் ஒரு நூலாவது எடுத்தார்கள் என்பது கேட்கப்படாத கேள்வியாகிவிடும். இங்கே பணியாளரை மட்டும் குறை கூறுவது சரியன்று. கேட்கப்பட்ட எண்ணை அவர் தருகிறார், கேள்வியே பிழையானது.

எண்சார்ந்த தரங்கள் நன்மை செய்ததும் உண்டு. இங்கிலாந்தில் 2001-இல் பொது நூலகத் தரங்கள் அறிவிக்கப்பட்டன. குடியிருப்புகளுக்கு அருகே நூலகம் இருக்க வேண்டிய தொலைவு, மக்கள்தொகைக்கு ஏற்பத் திறந்திருக்க வேண்டிய நேரம், வாசகர் பதிவு செய்து கேட்ட நூல் கிடைக்க ஆகும் காலம் முதலியவற்றுக்கு அளவுகள் வகுக்கப்பட்டன. கேட்ட நூல்களில் 50 விழுக்காடு 7 நாளிலும், 70 விழுக்காடு 15 நாளிலும், 85 விழுக்காடு 30 நாளிலும் கிடைக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வாசகர் எளிதில் புரிந்துகொண்டு கேள்வி கேட்கக்கூடிய நல்ல அளவை இது. அத்தரங்கள் 2008-இல் கைவிடப்பட்டன. அதற்குப் பின் வந்த சிக்கன நடவடிக்கைக் காலத்தில் அந்நாட்டின் பல உள்ளாட்சிகள் நூலகங்களை மூடின. குறைந்தபட்ச அளவு என்று சுட்டிக்காட்ட நாடு முழுவதற்குமான எண் அப்போது வாசகர் கையில் இல்லை.

இதிலிருந்து ஒரு வேறுபாட்டை வகுத்துக்கொள்ளலாம். நூலகம் வாசகருக்குக் கடமைப்பட்டதைச் சொல்லும் எண் வாசகரைக் காக்கிறது. வாசகர் நூலகத்துக்கு வந்து நிரூபிக்க வேண்டியதைச் சொல்லும் எண் நூலகத்தைத் தண்டிக்கும் கருவியாக எளிதில் மாறிவிடுகிறது. திறந்திருக்கும் நேரம், புதிய நூல் வரவு, கேட்ட நூல் கிடைக்கும் காலம் ஆகியவை முதல் வகை. மொத்த வருகை, மொத்த உறுப்பினர் ஆகியவை இரண்டாம் வகை.

தாக்கத்தைக் கண்டறியும் முறைகள்

ஐ.எஸ்.ஓ. 16439 தாக்கத்துக்கான சான்றுகளை மூன்றாக வகைப்படுத்துகிறது. புள்ளிவிவரங்களிலிருந்து ஊகித்துப் பெறுவது முதல் வகை. வாசகரிடம் நேர்காணல், வினாப்பட்டியல் வழியாகக் கேட்டுப் பெறுவது இரண்டாம் வகை. வாசகரின் செயலை நேரில் கவனித்துப் பெறுவது மூன்றாம் வகை.

அமெரிக்கப் பொது நூலகச் சங்கம் 2015-இல் தொடங்கிய விளைவு அளவீட்டுத் திட்டம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. ஒரு நிகழ்ச்சியில் பங்கேற்றவரிடம், புதிதாக ஒன்றை அறிந்தீர்களா, தன்னம்பிக்கை கூடியதா, கற்றதைச் செயல்படுத்துவீர்களா, நூலகத்தின் பிற சேவைகளை அறிந்துகொண்டீர்களா என்னும் பொருளில் சில கேள்விகள் மட்டும் கேட்கப்படுகின்றன. சிறு நூலகமும் கையாளக்கூடிய எளிமை இதன் வலிமை. நிகழ்ச்சி முடிந்த கையோடு கேட்டால் பெரும்பாலோர் நல்லதே சொல்வர் என்பது இதன் குறை. சில மாதம் கழித்து அதே வாசகரிடம் மீண்டும் கேட்கும்போதுதான் விடைக்கு வலுச் சேரும்.

தாக்க அளவீட்டில் தீராத சிக்கல் ஒன்று உண்டு. ஓர் இளைஞர் இரண்டு ஆண்டுகள் கிளை நூலகத்தில் அமர்ந்து படித்து அரசுப் பணித் தேர்வில் வெற்றி பெறுகிறார். வெற்றிக்கு நூலகம் காரணமா, பயிற்சி வகுப்பு காரணமா, வேலைக்குப் போகச் சொல்லாமல் காத்திருந்த பெற்றோர் காரணமா? நூலகமே காரணம் என்று உரிமை கொண்டாடுவது நேர்மையாகாது. நூலகத்துக்குப் பங்கில்லை என்பதும் உண்மையாகாது. ஆகவே தாக்கத்தைப் பற்றிப் பேசும்போது "காரணம்" என்பதைவிடப் "பங்களிப்பு" என்ற சொல்லே பொருந்தும். அந்த இடம் இல்லாதிருந்தால் எங்கே படித்திருப்பீர்கள் என்று அவரிடம் கேட்பது, நூறு எண்களைவிடத் தெளிவான சான்றைத் தரலாம்.

வாசகரின் அந்தரங்கம் பற்றிய கவனமும் தேவை. யார் என்ன படித்தார் என்பது வாசகருக்கே உரிய செய்தி. தாக்கத்தை அறியும் ஆர்வத்தில் தனிநபரின் இரவல் வரலாற்றைத் துருவுவது, நூலகத்தின் மீதான நம்பிக்கையையே குலைத்துவிடும்.

பண மதிப்பும் அதன் எல்லையும்

நிதி கேட்கும்போது நூலகத்தின் பயனைப் பணமாக மாற்றிக் காட்டும் முறை பல நாடுகளில் பரவியுள்ளது. பிரித்தானிய நூலகம் 2004-இல் வெளியிட்ட ஆய்வு இதில் புகழ்பெற்றது. பொது நிதியிலிருந்து பெறும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 4.40 பவுண்டு மதிப்பை அந்நூலகம் நாட்டுக்குத் திருப்பித் தருகிறது என அது கூறியது. நூலகம் தொடர்ந்து இயங்க எவ்வளவு தர முன்வருவீர்கள், இல்லாமற்போனால் மாற்று வழிக்கு எவ்வளவு செலவாகும் என்பன போன்ற கேள்விகளை மக்களிடம் கேட்டு இம்மதிப்பு கணக்கிடப்பட்டது.

நிதித்துறைக்குப் புரியும் மொழியில் பேசுவது இம்முறையின் சிறப்பு. நூலகத்தைப் பயன்படுத்தாதவர்களும் அது இருக்க வேண்டும் என்று விரும்புவதை இம்முறை கணக்கில் கொள்வதும் பாராட்டத்தக்கது. ஆனால், அது ஒரு தேசிய நூலகத்தைப் பற்றிய ஆய்வு. அந்த 4.40 என்ற எண்ணை ஒரு சிற்றூர் நூலகத்துக்கு எடுத்துப் பொருத்துவது பிழையாகும். மேலும், எவ்வளவு தருவீர்கள் என்ற கேள்விக்குக் கையில் பணம் உள்ளவர் பெரிய தொகையையும் இல்லாதவர் சிறிய தொகையையும் சொல்வார்கள். நூலகம் யாருக்கு மிகவும் தேவையோ அவரது குரல் இக்கணக்கில் மெலிந்துவிடுகிறது.

பணத்துக்கு அடங்காத மதிப்புக்கு யாழ்ப்பாணப் பொது நூலகம் துயரமான எடுத்துக்காட்டு. 1981 மே 31 இரவு தொடங்கிய எரிப்பில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்று கூறப்படுகிறது. அந்த எண்ணை நூலொன்றின் விலையால் பெருக்கினால் ஒரு தொகை கிடைக்கும். எரிந்தவற்றுள் வேறெங்கும் படியில்லாத ஓலைச்சுவடிகளும் இருந்தன. அவற்றுக்கு விலை இல்லை. இரவல் எண்ணிக்கையும் இல்லை. அந்நூலகத்தில் ஒரு நாளும் நுழையாதவர்களும் அதைத் தங்கள் இழப்பாக இன்றுவரை கருதுகின்றனர். ஒரு சமூகத்துக்கு நூலகம் எதுவாக இருந்தது என்பதை வருகைப் பதிவேட்டால் மட்டும் சொல்லிவிட முடியாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுச் சூழல்

விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டமே. அதன்படி உள்ளாட்சி அமைப்புகள் சொத்து வரியோடு நூலக வரியையும் வசூலித்து, நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்துகின்றன. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் எனப் பரந்த அமைப்பு மாநிலம் முழுவதும் உள்ளது. 2010-இல் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டன.

வரி செலுத்தும் ஒவ்வொருவரும் நூலகத்துக்குப் பணம் தருகிறார் என்பதால், அதன் பயனைக் கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு. அளவீடு என்பது அதிகாரிக்குச் செல்லும் அறிக்கை மட்டுமாக இருக்கக் கூடாது என்பதற்கு இதுவே அடிப்படை.

இங்குள்ள பயன்பாட்டு முறையைப் பழைய குறிகாட்டிகள் முழுமையாகக் காட்டுவதில்லை. போட்டித் தேர்வுக்குப் படிப்போர் பலர் தம் சொந்த நூல்களையும் குறிப்பேடுகளையும் கொண்டுவந்து நாள் முழுவதும் நூலகத்தில் அமர்கின்றனர். வீட்டில் இல்லாத மேசையையும் மின்விசிறியையும் அமைதியையும் அவர்கள் நூலகத்திடமிருந்து பெறுகின்றனர். இரவல் கணக்கில் அவர்களுக்குச் சுழியம். வருகைக் கணக்கில் எட்டு மணி நேரம் இருந்தவரும் பத்து நிமிடம் நாளிதழ் பார்த்தவரும் தலா ஒன்று. இருக்கைப் பயன்பாட்டை மணிக்கணக்கில் பார்க்காதவரை இச்சேவை அறிக்கைகளில் தெரியாது.

மின்னூல் துறையிலும் எச்சரிக்கை தேவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகம் போன்ற தளங்களில் ஒரு நூல் எத்தனை முறை பார்க்கப்பட்டது, பதிவிறக்கப்பட்டது என்பதை எண்ண முடியும். பதிவிறக்கம் வாசிப்பு ஆகாது. ஆனால், ஊரில் கிடைக்காத பழைய பதிப்பொன்றை ஆய்வு மாணவர் ஒருவர் ஒரே முறை இறக்கிப் பயன்படுத்தினாலும் அந்தச் சேவை தன் பணியைச் செய்துவிட்டது.

வராதவர்களின் கணக்கு

நூலக அளவீட்டின் பெருங்குறை, அது வாசலைத் தாண்டி வந்தவர்களை மட்டுமே எண்ணுவதாகும். வாசகர் கருத்துக் கணிப்பும் வந்தவரிடமே எடுக்கப்படுகிறது. திருப்தி 90 விழுக்காடு என்று வந்தால், திருப்தியில்லாதவர் ஏற்கெனவே வராமல் நின்றுவிட்டார் என்பதும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

வராமைக்குக் காரணங்கள் பல. மாலையில் பெண்கள் வீட்டு வேலையில் இருக்கும் நேரத்தில் மட்டும் நூலகம் திறந்திருக்கலாம். கழிப்பறை இல்லாதிருக்கலாம். படியேற முடியாத முதியவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் சாய்தளம் இல்லாதிருக்கலாம். தேவையான நூல் இல்லை என்று இரண்டு முறை திரும்பியவர் மூன்றாம் முறை வராதிருக்கலாம். இவற்றுள் ஒன்றுகூட வருகைப் பதிவேட்டில் இடம்பெறாது. ஊரில் ஒரு தெருவைத் தேர்ந்து, வீடு வீடாகச் சென்று, "நூலகத்துக்கு வருவதுண்டா, இல்லையெனில் ஏன்" என்று கேட்டால் ஒரே வாரத்தில் இவை வெளிப்பட்டுவிடும்.

சிறு நூலகத்துக்கு ஏற்ற அளவீடு

ஒருவரே நூலகராகவும் உதவியாளராகவும் பணியாற்றும் இடத்தில் பெரிய ஆய்வுகள் நடத்த இயலாது. ஆண்டு முழுவதும் எல்லாவற்றையும் எண்ணுவதும் தேவையில்லை. மேற்கூறிய 1982-ஆம் ஆண்டுக் கையேடு பரிந்துரைத்தது போல, வழக்கமான ஒரு வாரத்தை மாதிரியாகக் கொண்டு எண்ணலாம். தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறை, பொதுத்தேர்வுக் காலம், கோடை விடுமுறை ஆகியவை எண்ணிக்கையை மாற்றும். எனவே, ஆண்டில் வெவ்வேறு பருவங்களைச் சேர்ந்த நான்கு வாரங்களைத் தேர்வது நல்லது. அந்த வாரங்களில் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

வாசகர் எடுத்துப் படித்த நூல்களை மேசையிலேயே விட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொண்டு, மாலையில் அடுக்கும்போது அவற்றை எண்ணலாம். இரவல் செல்லாமல் உள்ளேயே படிக்கப்படும் நூல்களின் கணக்கு இதனால் கிடைக்கும்.

கேட்டுக் கிடைக்காத நூல்களைத் தனி ஏட்டில் எழுதி வரலாம். அடுத்த நூல் கொள்முதலுக்கு அதுவே சிறந்த பட்டியல்.

மணிக்கு ஒருமுறை நிரம்பிய இருக்கைகளைச் சிறுவர், பெண்கள், முதியோர் என்று பிரித்துக் குறிக்கலாம்.

வாசகர் வட்டத்தின் உதவியோடு, பத்து வாசகரிடமும் வராத பத்துப் பேரிடமும் பேசி, அவர்கள் சொன்னதை அவர்கள் சொற்களிலேயே பதிவு செய்யலாம். பெயர் வேண்டியதில்லை.

இவற்றின் முடிவை நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கிடைக்காத நூல்கள் எத்தனை, அவற்றுள் பின்னர் வந்தவை எத்தனை என்று ஊரார் பார்க்கும்போது, அளவீடு வாசகருக்கே திரும்பி வருகிறது.

மதிப்பீடு

நூலகத்தின் பயனை அளக்கவே முடியாது, அது உணரப்பட வேண்டியது என்று வாதிடுவோர் உள்ளனர். இவ்வாதம் நூலகத்துக்கு உதவாது. சான்று இல்லாத இடத்தில் நிதி, உரத்த குரல் உள்ளவருக்கே செல்லும். சிற்றூர் நூலகத்துக்கு அந்தக் குரல் இல்லை. எண்ணிக்கையே போதும் என்ற மறுமுனையும் அதே அளவு ஆபத்தானது. ஊரின் அளவையும் திறந்திருக்கும் நேரத்தையும் பாராமல் மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால், சிறிய நூலகம் எப்போதும் தோற்கும்.

ஆகவே, எந்த அளவை சரியானது என்பதற்கு முன், அந்த அளவை யாருக்காக எடுக்கப்படுகிறது என்று கேட்பதே முறையாகும். வருகை குறைந்த நூலகத்தைப் பற்றிய அறிக்கை, மூடுவதற்கான காரணமாக வாசிக்கப்படலாம். அங்கு என்ன குறைகிறது என்று கண்டறியும் தொடக்கமாகவும் வாசிக்கப்படலாம். எண் இரண்டுக்கும் ஒன்றுதான். எந்த நூலகத்தின் வருகை குறைந்தாலும், அதன் கதவு எத்தனை மணி நேரம் திறந்திருந்தது, ஆண்டில் எத்தனை புதிய நூல்கள் அதற்கு வந்தன என்னும் இரு எண்களையும் அதே பக்கத்தில் சேர்த்து எழுதுவது குறைந்தபட்ச நேர்மையாகும். அவ்விரண்டும் இல்லாத அறிக்கையைக் கொண்டு எந்த நூலகத்தையும் பயனற்றது என்று தீர்மானிக்க இயலாது.